உறுமும் பெருக்கியும் பச்சைக் கம்பியும்

ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். எரிமலை, மழைநீர் சேகரிப்பு, சூரிய அடுப்பு என்று வழக்கமான வரிசை. அவற்றைத் தாண்டி மண்டபத்தின் கோடியிலிருந்து "ம்ம்ம்…" என்று ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானே செய்த ஆம்ப்ளிபயர் ஒன்றை மேசைமேல் வைத்திருந்தாள். மடிக்கணினியிலிருந்து ஒரு பாட்டு அதற்குள் போய், ஸ்பீக்கர் வழியே வெளிவந்தது. பாட்டுக்கு அடியில் அந்த உறுமல்.

"வீட்ல இப்படி இல்ல சார். இங்க கொண்டுவந்ததும் உறுமுது" என்றாள். பிறகு, "இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டு, பெருக்கியின் மூன்றுமுனைப் பிளக்கைக் கழற்றி, திருகைத் தளர்த்தி, பச்சைக் கம்பியை வெளியே இழுத்து மடக்கினாள். பிளக்கை மீண்டும் செருகினாள். உறுமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! "கடையில ஒரு அண்ணன் சொல்லிக்குடுத்தாங்க சார்" என்றாள் பெருமையோடு.

நான் முதலில் செய்த வேலை, அந்தப் பிளக்கைப் பிடுங்கியதுதான். அவள் முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவளுடைய பெருக்கி ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதே பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரம் வரும் மின்மாற்றியும் இருக்கிறது. மின்மாற்றியின் காப்பு என்றாவது ஒருநாள் கருகலாம்; ஒரு கம்பி கழன்று பெட்டியின் சுவரைத் தொடலாம். அப்படி நேர்ந்தால் பச்சைக் கம்பி வழியாகப் பெரும் மின்னோட்டம் பூமிக்குப் பாய்ந்து, பியூஸ் உருகி, எல்லாம் நின்றுவிடும். பச்சைக் கம்பி இல்லையென்றால்? பெட்டி பேசாமல் 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். ஈரக்கையும் வெறுங்காலுமாக வருபவரின் உடலை 1000 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி 0.23 ஆம்பியர் அவர் உடலில் பாயும். 5 ஆம்பியர் பியூசுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, அது உருகாது. ஆனால் வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்தும் கசிவுத் துண்டிப்பான், 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 0.23 ஆம்பியர் மனிதனை என்ன செய்யும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பிளக்கில் எர்த் முனை மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது முதலில் தொடுவதும் எடுக்கும்போது கடைசியாக விடுவதும் அதுவே. அவ்வளவு யோசித்துச் செய்திருக்கும் ஒன்றை நாம் ஒரு திருப்புளியால் ஒழித்துவிடக் கூடாது.

"அப்படீன்னா இரைச்சலோடதான் இருக்கணுமா சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வெட்டினால் உறுமல் குறைந்தது என்பது பொய்யல்லவே! அதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். உணவு இடைவேளைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவளிடம் சால்டரிங் அயர்னும் இருந்தது. இருவரும் பெட்டியைத் திறந்தோம்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. பச்சைக் கம்பியைப் பழையபடி பொருத்தினோம். மடிக்கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு, பெருக்கியின் உள்ளீட்டுத் துளையில் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் குறுக்கிணைத்தோம். இப்போது வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. "ம்ம்ம்" நின்றுவிட்டது. ஆனால் அதன் மறைவில் இதுவரை ஒளிந்திருந்த இன்னோர் ஒலி வெளிப்பட்டது, மெல்லிய "ஜர்ர்ர்". ஆக, உறுமல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெளியிலிருந்து வருவது. மற்றது பெட்டிக்குள்ளேயே பிறப்பது.

காது பழகியவர்கள் இந்த இரண்டையும் சுருதியிலேயே பிரித்துவிடுவார்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அது நேராகப் புகுந்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலி. அதையே நான்கு டயோடுகள் திருத்தும்போது, எதிர்ப்பக்க அரையலையும் நிமிர்ந்துவிடுவதால், துடிப்புகள் நொடிக்கு 100 ஆகின்றன. 50-க்கும் 100-க்கும் சரியாக ஒரு ஸ்தாயி வேறுபாடு, கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் போல. டயோடு தரும் துடிப்பு கூர்மையானது. ஆகவே அதில் 200, 300 என்று மேல்சுரங்களும் கலந்து "ஜர்ர்" என்று ஒலிக்கும்.

முதலில் இந்த "ஜர்ர்"ரைப் பிடிப்போம். இதுதான் பெட்டிக்குள் கம்பிகளை எப்படி அமைத்தோம் என்பதைப் பொறுத்தது.

அவள் பயன்படுத்தியது டி.டி.ஏ. 2030 என்ற ஐந்து கால் ஐ.சி. சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர் உதிரிபாகக் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது. 9-0-9 மின்மாற்றியில் நடுக்கம்பியை விட்டுவிட்டு ஓர முனைகள் இரண்டையும் எடுத்தால் 18 வோல்ட். நான்கு டயோடுகளும் 2200 மைக்ரோபாரட் மின்தேக்கியும் அதை ஏறக்குறைய 24 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கும். 150 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என்ற இரண்டு மின்தடைகள் பெருக்கத்தை 33 மடங்கு என்று நிர்ணயிக்கின்றன. சுற்றுப்படத்தில் பிழை எதுவும் இல்லை. பற்றவைப்பும் சுத்தம்.

படத்தில் பல இடங்களில் கீழே மூன்று சிறு கோடுகள் போட்டிருப்பார்கள். "இவையெல்லாம் பொது முனை, பூஜ்ய வோல்ட்" என்று பொருள். அவள் அதற்காகப் பலகையின் ஓரமாக 15 செ.மீ. நீளத்துக்கு ஒரே கம்பியை ஓட்டியிருந்தாள். இடது கோடியில் டயோடுகளின் எதிர்முனை. அருகிலேயே உள்ளீட்டுத் துளையும் ஒலியளவுத் திருகும். வலது கோடியில் ஐ.சி., ஸ்பீக்கரின் திரும்பு கம்பி, கடைசியாகப் பெரிய மின்தேக்கியின் எதிர்முனை. எது எதற்குப் பக்கமோ அங்கே பற்றவைத்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இந்தக் கம்பி முழுக்க பூஜ்ய வோல்ட்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா சார். கம்பிதானே!"

பாடப்புத்தகக் கணக்குகளில் இணைப்புக் கம்பிக்கு மின்தடை இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். அது கணக்கை எளிதாக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. செம்புக்கு அந்த ஏற்பாடு தெரியாது. கடையில் 14/38 என்று கேட்டு வாங்கும் கம்பியில் 0.15 மி.மீ. விட்டமுள்ள 14 இழைகள் இருக்கின்றன. மொத்தக் குறுக்குப் பரப்பு சுமார் 0.25 சதுர மி.மீ. செம்பின் தன்மின்தடையை வைத்துக் கணக்கிட்டால் 15 செ.மீ. கம்பியின் மின்தடை 0.01 ஓம். இதைப் போய் யார் பொருட்படுத்துவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

தெருக்குழாயில் நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களை அறிவீர்கள். வீட்டில் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிக்கிறோம். ஆனால் அவ்வளவையும் அந்த அரை மணியில் பிடித்தாக வேண்டும். அந்நேரத்தில் குழாய் முழு வேகத்தில் கொட்ட வேண்டும். மின்தேக்கியின் கதையும் இதேதான். டயோடுகள் தரும் மின்னழுத்தம், மின்தேக்கியில் ஏற்கனவே இருக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டும் சிறிது நேரம் மட்டுமே அது நிரம்புகிறது. ஒவ்வொரு 10 மில்லி விநாடியிலும் அந்த நேரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லி விநாடிதான்.

பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் இந்த ஐ.சி. ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 10 மில்லி விநாடியில் செலவாகும் அந்த மின்னூட்டத்தை ஒன்றரை மில்லி விநாடியில் நிரப்ப வேண்டுமானால், மின்னோட்டம் சராசரி 330 மில்லி ஆம்பியர். உச்சத்தில் அரை ஆம்பியரைத் தொடும். இந்தத் துடிப்பு மின்தேக்கியின் எதிர்முனையிலிருந்து டயோடுகளின் எதிர்முனைக்குத் திரும்பிப் போகும் பாதை எது? அவளுடைய 15 செ.மீ. கம்பி முழுவதும்! அரை ஆம்பியரை 0.01 ஓமால் பெருக்குங்கள்: 5 மில்லி வோல்ட். "பூஜ்ய வோல்ட்" கம்பியின் இரு கோடிகளுக்கு இடையே நொடிக்கு நூறு முறை 5 மில்லி வோல்ட் துள்ளிக்கொண்டிருக்கிறது.

5 மில்லி வோல்ட் அற்பமா? இந்த ஐ.சி. தன் 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பெருக்குகிறது. 1ஆம் காலுக்கு வரும் பாட்டு, கம்பியின் இடது கோடியைப் பூஜ்யமாகக் கொண்டு அளக்கப்படுகிறது. 2ஆம் காலைச் சேர்ந்த 4.7 கிலோ ஓம் மின்தடையோ வலது கோடியைப் பூஜ்யமாகக் கொள்கிறது. இரு பூஜ்யங்களுக்கும் இடையே உள்ள 5 மில்லி வோல்ட்டையும் ஐ.சி. பாட்டு என்றே நினைத்து 33 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஓர் அறையில் இதமாகக் கேட்கும் அளவுக்குப் பாட்டு ஒலிக்க உள்ளீட்டில் 30 மில்லி வோல்ட்டே போதும். அதில் ஆறில் ஒரு பங்கு இரைச்சல் என்றால் காதை உறுத்தாமல் இருக்குமா? அதோடு ஒலியை ஏற்றும்போது ஐ.சி. எடுக்கும் மின்னோட்டமும் பல மடங்காகும். துடிப்பும் உடன் வளரும்.

ஸ்பீக்கரின் திரும்பு மின்னோட்டத்தையும் சேர்த்து யோசிக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கரின் மின்னோட்டம் 0.01 ஓம் கம்பி வழியே திரும்பினால், வெளியீட்டில் 800-இல் ஒரு பங்கு உள்ளீட்டுக்கு வந்து சேரும். பெருக்கம் 33 என்றால் ஒரு சுற்று முடிவில் 24-இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஒலி சற்றுக் கெடுமே தவிர ஆபத்தில்லை. ஆனால் சில மாணவர்கள் இதே கம்பியில் 100 மடங்கு பெருக்கும் மைக் முன்பெருக்கியையும் கோத்துவிடுகிறார்கள். அப்போது மொத்தம் 3300 மடங்கு. 800-ஆல் வகுத்தாலும் 4. போனதைவிட நான்கு மடங்கு திரும்பி வந்தால், தொடக்கி வைக்க யாரும் வேண்டாம். பெருக்கி தானே ஊளையிடத் தொடங்கிவிடும். ஐ.சி. பழுது என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நானும் கல்லூரி நாட்களில் இப்படி மூன்று ஐ.சி.க்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஒரே கம்பியை இரண்டு மின்னோட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டால் வரும் வம்பு இது. இது புதிதும் அல்ல. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் தந்திக்கு இரண்டு கம்பிகள் தேவையில்லை, ஒரு கம்பியும் பூமியுமே போதும் என்று கண்டார். பாதிச் செம்பு மிச்சம்! தந்தியின் "கட்டுக் கடகட"வுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பிறகு தொலைபேசி வந்தது. அதற்கும் அதே ஏற்பாடு. ஆனால் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கி, அவற்றின் மின்னோட்டமும் பூமியில் கலந்தபோது, தொலைபேசியில் டிராமின் உறுமல் கேட்டது. மெல்லிய பேச்சும் பெரிய டிராமும் ஒரே பாதையில் திரும்பினால் வேறென்ன ஆகும்? கடைசியில் தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கம்பியை இழுத்தார்கள். நம் மாணவியின் பெட்டியிலும் ஒரு டிராம் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாங்களும் தொலைபேசிக்காரர்கள் செய்ததையே செய்தோம். டயோடுகளின் எதிர்முனையிலிருந்து ஒரு தடித்த குட்டைக் கம்பியை நேரே பெரிய மின்தேக்கியின் எதிர்முனைக்குக் கொண்டுபோனோம். நிரப்பும் துடிப்புக்கு அது தனிச்சாலை. வேறு எதையும் அதில் தொடுக்கவில்லை. மின்தேக்கியின் எதிர்முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, பலகையில் ஒரு திருகும் வளையமும் வைத்து, அதையே "பூஜ்யம்" என்று தீர்மானித்தோம். ஐ.சி.யின் 3ஆம் காலிலிருந்து ஒரு கம்பி அங்கே வந்தது. ஸ்பீக்கரிலிருந்து தனியாக ஒன்று. உள்ளீட்டுத் துளை, ஒலியளவுத் திருகு, 2ஆம் காலின் மின்தடையைச் சேர்ந்த மின்தேக்கி ஆகிய மெல்லிய சங்கதிகளை முதலில் தங்களுக்குள் சேர்த்துக்கட்டி, அந்தக் குடும்பத்துக்கு என்று ஒரே ஒரு கம்பியை அங்கே கொண்டுவந்தோம். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் கம்பிகள். நட்சத்திரம் போல இருப்பதால் இதை நட்சத்திர இணைப்பு என்பார்கள். கம்பிகளின் மின்தடை இப்போதும் இருக்கிறது; ஒன்றன் மின்னோட்டம் மற்றதன் கம்பியில் போகவில்லை, அவ்வளவுதான். மின்மாற்றியிலிருந்து வரும் மாறுதிசைக் கம்பிகள் இரண்டையும் முறுக்கி, உள்ளீட்டிலிருந்து தள்ளி வைத்தோம்.

குறுக்கிணைத்த உள்ளீட்டோடு போட்டுப் பார்த்தோம். "ஜர்ர்" இல்லை. ஸ்பீக்கரோடு காதை ஒட்டினால் மட்டும் மெல்லிய "ஸ்ஸ்".

இனி அந்த "ம்ம்ம்". மடிக்கணினியின் சார்ஜர் மண்டபத்தின் ஒரு சுவரில். பெருக்கி மற்றொரு சுவரில். இரண்டுமே மூன்றுமுனைப் பிளக்குகள். மடிக்கணினியின் எர்த்திலிருந்து புறப்படுங்கள்: ஒலிக்கேபிளின் பின்னல் உறை, பெருக்கியின் உலோக உள்ளீட்டுத் துளை, இரும்புப் பெட்டி, பச்சைக் கம்பி, சுவருக்குள் ஓடும் எர்த் கம்பி, மீண்டும் மடிக்கணினி. ஒரு பெரிய வளையம்! பாரடே 1831-இல் கண்டபடி, இந்த வளையத்துக்குள் மாறும் காந்தப்புலம் நுழைந்தால் மின்னோட்டம் பிறக்கும். சுவருக்குள் இருக்கும் எர்த் கம்பியில் மண்டபத்தின் பிற கருவிகளின் கசிவுகளும் ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து சில மில்லி வோல்ட். அதில் ஒரு பகுதி கேபிளின் பின்னல் உறைமேல் விழுந்து, பாட்டோடு சேர்ந்து பெருகுகிறது. பச்சைக் கம்பியை வெட்டியபோது வளையம் அறுந்தது, உறுமல் குறைந்தது. கடைக்கார அண்ணன் சொன்னது அந்த வகையில் உண்மை. வெட்டிய இடம்தான் தவறு.

வெட்ட வேண்டியதில்லை, தடுத்தாலே போதும். உள்ளீட்டுத் துளையை ஒரு பைபர் வாஷர் வைத்துப் பெட்டியிலிருந்து விலக்கினோம். மெல்லிய சங்கதிகளின் குடும்பம் நட்சத்திரத்துக்குப் போகும் அந்த ஒரு கம்பிக்குப் பதிலாக 10 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டோம். பின்னல் உறையின் மின்தடை 0.1 ஓம், சுவர்க் கம்பிகளுடையது இன்னொரு 0.1 ஓம் என்று கொண்டால், முன்பு வளையத்தின் மின்னழுத்தத்தில் பாதி உறைமேல் விழுந்தது. இப்போது வளையத்தில் 10 ஓமும் சேர்ந்துவிட்டதால், ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் உறைக்கு. மீதி முழுவதும் 10 ஓம்மேல் விழுகிறது. அதை ஐ.சி. பாட்டாக எண்ணிப் பெருக்குவதில்லை. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் பங்கிடப்படும் பாடம்தான் இது. நட்சத்திரத்தின் நடுப்புள்ளி ஒரே இடத்தில், குட்டைக் கம்பியால், பெட்டியோடு நேராக இணைந்திருக்கிறது. பச்சைக் கம்பி தனித் திருகில், பெயின்டைச் சுரண்டிய இடத்தில், பெட்டியை இறுகப் பற்றியிருக்கிறது. அந்தப் பாதையில் மின்தடை எதையும் வைக்கக் கூடாது.

மடிக்கணினியைச் செருகினோம். பாட்டு மட்டும் வந்தது. உணவு மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன்: "வீட்டில் உறுமவே இல்லை என்றாயே, அங்கே இந்தப் பெட்டியைத் தொட்டால் ஏதாவது தெரியுமா?" கொஞ்சம் யோசித்து, "லேசா சுர்ருங்கும் சார். லேப்டாப்பும் அப்படித்தான். அது கரண்ட் சாமான்னா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். மடிக்கணினிச் சார்ஜர்களுக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் ஒரு துளி மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது சத்தமின்றி அங்கே போய்விடும். இல்லாவிட்டால் நம் விரல் வழியே போகப் பார்க்கும். வீட்டுச் சாக்கெட்டுகளை ஒரு எலக்ட்ரீசியனை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் அந்த "சுர்" இருந்தால் அப்படியே செய்யுங்கள்; நீங்களே சுவிட்ச் போர்டைத் திறக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து அவளுடைய இயற்பியல் ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். இரண்டு சாக்கெட்டுகளிலும் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லையாம். வீடு கட்டிய நாளிலிருந்தே இல்லையாம். இப்போது எர்த் குழி எடுத்துக் கம்பி இழுத்திருக்கிறார்கள். "சுர்" நின்றுவிட்டது. பெருக்கியும் உறுமவில்லை.